ஆலாத் திட்டு

இருபத்தாறாவது கூட்டின் அருகே அடையாளத்துக்கு விரல் நீளக் குச்சியை நட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு எஞ்சின் சத்தம் கேட்டது. கரைச் சரிவில் மண் அள்ளும் வண்டி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. நீர் வற்றிய ஏரியின் நடுவே தலைகாட்டியிருந்த அந்த மணல்திட்டுக்கு வர அந்தச் சரிவு ஒன்றே வழி. மண் எடுக்கும் வேலை நாளை மறுநாள்தான் தொடங்கும் என்று அவளுடைய பேராசிரியை சொல்லியிருந்தார். அதற்குள் கூடுகளின் எண்ணிக்கைத் தாளை வனத்துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், குஞ்சுகள் பறக்கும்வரை திட்டில் யாரும் மண் எடுக்க முடியாது. அதற்கு முன்பே வண்டி ஏறிவிட்டால் எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சாது.

தலைக்கு மேல் ஆலாக்கள் அலறிக்கொண்டு வட்டமிட்டன. அவை சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுகிற பறவைகள் அல்ல. மணலில் மார்பை அழுத்திச் சுழன்றால் ஒரு குழி, அதற்குள் மணல் நிறத்திலேயே இரண்டு மூன்று முட்டைகள். பழகாத கண்ணுக்கு அகப்படாது. அவள் கண் பழகிய கண். பதினேழு வருடம் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரத்தத்துளிகளுக்குள் கிருமி தேடிய கண். நாற்பத்தொன்றாம் வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு வனவுயிர்ப் பாதுகாப்புப் படிப்பில் சேர்ந்தாள். முதல் நாள் கல்லூரிக் காவலாளி அவளைப் புதிய ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார். பள்ளி இறுதி வகுப்பில் இருந்த மகளுக்கும் அவளுக்கும் ஒரே மாதத்தில் தேர்வு வந்தது. "ரெண்டு பேர்ல யாரு கோட்டை விட்டாலும் அப்பாதான் கையெழுத்துப் போடணும்" என்றாள் மகள். கணவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து காலைச் சமையலைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். அவள் கையில் சாப்பாட்டு டப்பாவைத் திணித்துவிட்டுத்தான் வண்டி ஓட்டக் கிளம்புவார்.

இரு கைகளையும் வீசிக்கொண்டு அவள் ஓடினாள். ஓட்டுநர் இடது தோளை வெளியே சாய்த்து எட்டிப் பார்த்தார். அந்தச் சாய்வு அவளுக்குப் பழக்கப்பட்டது. அவள் கணவர்.

"என்னங்க, நிறுத்துங்க!"

வண்டி திட்டின் விளிம்பில் ஏறி நின்றது. எஞ்சின் அணையவில்லை.

"நீயா? இங்க என்ன பண்றே?"

"நான் சொன்னேனே, ஏரின்னு, இதான் அது. நீங்க ரோடு வேலைன்னுதானே சொன்னீங்க?"

"ரோட்டுக்கு மண்ணு வேற எங்கேருந்து வரும்? அவசரம்னு காலையிலதான் சூப்பர்வைசர் இங்க போகச் சொன்னாரு. நகரு, பின்னாடியே லாரி வருது."

"இங்க முட்டை இருக்குங்க."

அவர் திட்டை ஒரு முறை பார்வையால் அளந்தார். "வெறும் மணலா கெடக்கு."

"அங்கேருந்து தெரியாது. இறங்கி வாங்க."

"நான் ஓட்டலைன்னா நாளைக்கு வேற ஒருத்தன் இந்த சீட்ல உக்காந்திருப்பான். அது தெரியும்ல?"

"தெரியும்."

வழியை விட்டு அவள் விலகவில்லை. அவர் படக்கென்று குதித்து இறங்கி, கோபத்தில் நீள நீளமாக அடியெடுத்து வைத்தார். ஓர் ஆலா சரேலென்று பாய்ந்து அவர் உச்சந்தலையைக் கொத்திவிட்டுப் போனது. கையை ஓங்கியபடி பக்கவாட்டில் விலகினார்.

"அசையாதீங்க! அப்படியே நில்லுங்க!"

இருபது வருடத்தில் அவள் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. ஒரு கால் அந்தரத்தில் நிற்க, அவர் உறைந்துபோனார்.

"எங்க இருக்கு?"

"தூக்கின காலுக்கு நேர் கீழ."

குனிந்து பார்த்தார். தெரியவில்லை. மறுபடியும் பார்த்தார். அப்போது அவர் முகம் மாறுவதை அவள் கண்டாள். மூன்று முட்டைகள். ஒன்றில் விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசலுக்குள் அரிசி முனை அளவில் ஏதோ அசைந்தது. தூக்கிய காலைப் பின்னால் கொண்டுபோய், தன் பழைய காலடிச் சுவட்டிலேயே வைத்தார். பிறகு ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கின. அங்கே ஒன்று, அதற்கு அப்பால் இன்னொன்று. தான் சமன் செய்த நிலங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தனவோ என்னவோ.

மெல்லத் திரும்பி, வண்டி ஏறி வந்த வழியைப் பார்த்தார். திட்டின் விளிம்பில் பத்தடி தூரத்துக்கு அதன் சங்கிலிச் சக்கரத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

"அங்க?"

இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. விடியற்காலையில் அந்த விளிம்பில் அவளே நட்ட இரண்டு குச்சிகளை இப்போது காணவில்லை.

"ரெண்டு கூடு இருந்துச்சு."

அவர் போய் எஞ்சினை அணைத்தார். திடீரென்று பறவைகளின் கூச்சல் மட்டுமே மிஞ்சியது. வண்டிக்குள் கைபேசி அடித்தது. சூப்பர்வைசராக இருக்கும். அடித்து ஓய்ந்து மீண்டும் அடித்தது. அவள் தாளை எடுத்தாள். அழிந்த கூடுகள், காரணம், பொறுப்பானவர் என்று கட்டங்கள் இருந்தன. காரணத்தை நிரப்பிய பேனா மூன்றாவது கட்டத்தில் நின்றுவிட்டது.

"என்ன எழுதணும்?" என்று கேட்டார்.

"வண்டின்னு எழுதினாப் போதும்."

"வண்டி தானா வராது." அவர் கரைப்பக்கம் பார்த்தார். முதல் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு சரிவை நெருங்கிக்கொண்டிருந்தது. "என் பேரைப் போடு. சீக்கிரம் எழுதிட்டுக் கெளம்பு. லாரிக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன்."

அவள் எழுதினாள். நிமிர்ந்தபோது அலகில் ஒரு சிறு மீனோடு ஓர் ஆலா வந்து சங்கிலித் தடத்தின் நடுவில் இறங்கியது. தடத்தின் மேடுகளில் ஏறி இறங்கி, இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி நடந்தது. மீனைக் கீழே வைக்கவே இல்லை.