முக்கால் மணித்தியாலம்

முக்கால் மணித்தியாலம். கல்யாணம் கட்டி ஒன்பது வருஷத்தில் நான்கூட இவரை அவ்வளவு நேரம் தாங்கிப் பிடித்ததில்லை.

ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்ற பிறிஜெற்றின் மனம் நேற்றிலிருந்து இதையே அரைத்துக்கொண்டிருந்தது. வெள்ளவத்தையில் எழும்பும் புது ஃபிளாட்ஸில் சாரப் பலகை சறுக்கி, நிமிர்ந்து நின்ற தூண் கம்பியின் மேல் விழுந்தான் அவள் புருஷன் பேதுரு. கம்பி தொடையைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது. இழுத்து எடுத்தால் இரத்தம் கொட்டிச் செத்துப்போவான் என்று, கீழே கம்பியை அறுத்து முடிக்கும்வரை அவன் பாரத்தைத் தோளில் தாங்கியவள் அங்கே கல் சுமக்கும் மயிலம்மா. அவன் மயங்கிவிடாதபடி கதை கொடுத்துக்கொண்டே இருந்தாளாம். அப்படி என்ன கதை? கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "மயிலம்மா வந்தவவோ?"

வந்திருந்தாள். கொட்டாஞ்சேனையிலிருந்து பிறிஜெற் இரண்டு செக்பொயிண்ட் தாண்டி வருமுன்பே வாசலில் குந்தியிருந்தாள்.

"அக்கா, ஒங்க பேரத்தான் சொல்லிக்கிட்டே கெடந்தாரு."

எனக்கு ஆறுதல் சொல்ல இவள் யார்? பிறிஜெற் அவளைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள்.

அங்கேதான் ஃபிளாட்ஸ் வேலையின் சுப்பவைசர் சிவானந்தன் ஒரு கடுதாசியோடு அவளைப் பிடித்தான்.

"தங்கச்சி, ஒரு கையெழுத்து வையுங்கோ. கால் சுகமானதும் பேதுருவுக்கு வேலை இருக்கும்."

"என்ன எழுதியிருக்கு?"

இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னான். பேதுரு மயிலம்மாவோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றதால் கால் தவறி விழுந்தான்; கம்பெனியில் பிழை இல்லை.

அவளுக்கு முகம் சுட்டது. அவளே மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்த வசனம்.

"அவளை என்ன செய்வியள்?"

"நாளைக்கே வேலையால நிப்பாட்டிடுவம். உங்களுக்கும் நிம்மதிதானே?" கண்ணைச் சிமிட்டினான்.

நிம்மதிதான். நினைக்கவே இனித்தது.

"கம்பி நுனியளை ஆளைக் குத்தாதபடி மூடியிருந்ததோ?"

"எந்த சைட்டில மூடுறாங்கள்? விசர்க் கதை. இந்தாங்கோ பேனை."

வாங்கினாள். வெளியே மயிலம்மா இடக்கையால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். வலத் தோள் அசையவில்லை. அந்தத் தோளை இப்போதும் பிறிஜெற்றால் வெறுக்காமல் இருக்க முடியவில்லை.

"பலகை சறுக்கினது எண்டு அவரே சொன்னவர், அண்ணை," என்றாள் மெல்ல. "இதில நான் வைக்க மாட்டன்."

பேனையை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.