ஒரு ஸ்தாயி கீழே

திரையில் இரண்டு வெள்ளைக் கீற்றுகள். நடுவே இருட்டு. கீற்றுகளின் ஓரம் சிவந்து தடித்திருந்தது.

என் குரல்நாண்கள். நான்கு வருடம் பழக்கியவை. அன்றுதான் முதலில் பார்த்தேன்.

வீக்கம் என்றார் டாக்டர். உரக்கப் பாடாதே. கிசுகிசுக்கவும் செய்யாதே, அது இன்னும் கெடுதல். வெளியே மழை.

சனிக்கிழமை எங்கள் ஓபரா, முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய நாடகம். கதாநாயகி நான். கடைசிப் பாட்டில் ஓர் உச்ச ஸ்வரம். அதற்காகத்தான் நான்கு வருடம்.

மூச்சை அடிவயிற்றில் பிடி. தாடையைத் தளர்த்து. தொண்டையை மற. எல்லாம் செய்தேன். பிறகு ஏன் வீங்கியது? சரியாகச் செய்யவில்லையா? சரியாகச் செய்ததாலா?

தெரியவில்லை.

வியாழன் ஒத்திகை. குரலைச் சேமிக்க, உச்ச இடங்களை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிப் பாடலாம். எல்லாப் பாடகர்களும் செய்வதுதான். நானும் இறக்கினேன்.

வலிக்கவில்லை.

குரல் அகலமாக வந்தது. இருட்டாக. மழை நாளின் வெளிச்சம் போல, எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமல். பியானோவில் கிளாட்சன் அண்ணனின் கை நின்றது.

"யாருடி அது? உங்க பெரியப்பாவா?" என்றாள் தெபோரா. எனக்கு முடியாமல் போனால் பாட வேண்டியவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

கிளாட்சன் அண்ணன் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ பாடும்மா."

பாடினேன். வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இது ஓய்வெடுக்கும் குரலா? நான்கு வருடம் பேசாமல் காத்திருந்த குரலா? அப்படியென்றால் மேலே பாடிக்கொண்டிருந்தவள் யார்?

எஸ்தர் மிஸ்ஸைப் பார்த்தேன். நான்கு வருடம் பாட்டு சொல்லித் தந்து, என் குரலை மேலே மேலே ஏற்றியவர். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல ஒரே ஒரு தடவ போய்ப் பாரேன், பிரிசில்லா" என்றார்.

போனேன். பாதியில் குரல் பிளந்தது. காற்று மட்டும் வந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

என் பாட்டு நோட்டை தெபோராவிடம் நீட்டினேன்.

"நெசமாவாடி?"

"மூச்சு எடுக்கிற இடமெல்லாம் பென்சில்ல குறிச்சிருக்கேன். பாத்துக்க."

அவள் வாங்கிக்கொண்டாள். கடைசிப் பாட்டின் பக்கத்தைப் புரட்டினாள்.

மிஸ் நிகழ்ச்சித் தாளை விரித்தார். என் பெயரை அடித்து தெபோரா என்று எழுதினார். குழுவாகப் பாடுபவர்களின் வரிசைக்கு என்னை இறக்கினார். அங்கே ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் குரலின் வகை, மேல் குரல், கீழ்க் குரல் என்று. என் பெயருக்குப் பக்கத்தில் பேனா நின்றது.

"என்னன்னு போடட்டும்?"

"தெரியல, மிஸ்."

அவர் பேனாவை மூடினார். அந்த இடம் காலியாகவே தாள் அச்சுக்குப் போனது.