போகாத பெட்டி

பாம்பு கடித்த இருசம்மாளைக் கரியாலூரிலிருந்து ஜீப்பில் வெள்ளிமலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அறக்கட்டளை மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருப்பதாகக் கணினி காட்டியது. அலமாரியில் இல்லை. கள்ளக்குறிச்சிக்கு இறங்கும்போது, மலைப்பாதை வளைவு ஒன்றில் அவள் உயிர் போனது.

கள்ளக்குறிச்சி மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட கமர் ஜஹான் மருந்துப் பெட்டியை வெள்ளிமலைக்கு அனுப்ப மறந்துவிட்டாள் என்று அறக்கட்டளை முடிவுகட்டி, அவளை வேலையிலிருந்து நிறுத்தியது.

கிடங்கின் கணக்கை வைத்திருந்த ஜாவா மென்பொருளை எழுதியவர்கள் மலர்விழியும் அவள் கணவன் ஜீவாவும். அதில் கையிருப்பைப் பார்க்கும் பகுதி, அதாவது மாட்யூல், அவளுடையது; அனுப்புகை மாட்யூல் அவனுடையது. வேலையின் நடுவில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. என் பக்கம் நீ தொடாதே என்று அவன் சொல்ல, அவளும் அதையே திருப்பிச் சொன்னாள். இரண்டு பதிவும் சேர்ந்தே நிற்கவும் சேர்ந்தே ரத்தாகவும் பார்த்துக்கொள்ளும் டிரான்சாக்‌ஷன் மேனேஜர் ஒன்றைப் பொதுவாக வைக்க வேண்டிய இடத்தில் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். ஒன்று முடிந்ததா, தோற்றதா என்று மற்றது கேட்காது.

இப்போது பதிவுகளைப் படித்தபோது மலர்விழிக்கு நடந்தது புரிந்தது. கமர் ஜஹான் ‘அனுப்பு’ அழுத்தியிருக்கிறாள். நடுவில் இணைப்பு போயிருக்கிறது. அதற்குள் மலர்விழியின் மாட்யூல் மருந்தை வெள்ளிமலைக் கணக்கில் ஏற்றிவிட்டது. ஜீவாவின் மாட்யூலில் அனுப்புச்சீட்டு பதிவாகவே இல்லை. சீட்டில்லாத பெட்டியை வண்டிக்காரர் தொடமாட்டார்.

“மேனேஜர ஒண்ணாக்கணும். ஒண்ணு தோத்தா ரெண்டும் தோக்கணும்” என்றாள் ஜீவாவிடம்.

“ஆக்கிடு. வெளிய மட்டும் மூச்சு வுடாத.”

“கமரக்கா?”

“அவங்களுக்கு இன்னா, வேற வேலை கெடைக்கும்.”

அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவரவர் மேனேஜரின் பெயரை அங்கங்கே குறித்திருந்ததை எல்லாம் நீக்கி, இரண்டையும் ஒன்றின்கீழ் கொண்டுவந்தார்கள். ஒரு மதியப்பொழுது போதுமாயிருந்தது. அவன் தோள் பட்டபோது மனம் ஒரு கணம் இளகியது. அந்த இளக்கத்தை அவளால் மன்னிக்க முடியவில்லை. தங்களைப் பக்கத்தில் உட்காரவைக்க ஒருத்தி சாக வேண்டியிருந்திருக்கிறது.

மறுநாள் கமர் ஜஹான் வீட்டுக்குப் போனாள்.

“தப்பு உங்க மேல இல்லக்கா.”

“என்னைத் தேத்தறதுக்கா இவ்ளோ தூரம் வந்த? நாந்தான் மறந்துட்டேன் மலரு. கிடங்கு வாசல்கிட்ட பெட்டிய வச்சிட்டு டீ குடிக்கப் போனேன். அப்படியே வுட்டுட்டேன்.”

நடக்காத ஒன்று அவளுக்குள் நினைவாக வளர்ந்திருந்தது, டீயின் சூடு முதற்கொண்டு. இனி வாய்ச்சொல் போதாது. மலர்விழி அவளைக் கையோடு அலுவலகத்துக்கு அழைத்துவந்து, திருத்துவதற்கு முந்தைய மென்பொருளை ஓடவிட்டாள்.

“அழுத்துங்கக்கா.”

அழுத்தினாள். மலர்விழி நடுவில் இணைப்பைத் துண்டித்தாள். திரும்ப இணைத்ததும் திரையில் வெள்ளிமலைக் கையிருப்பு ஏறியிருந்தது. அனுப்புகைப் பக்கம் காலி.

“மலரு, இன்னா பண்ணிக்கினு இருக்க?” ஜீவா எழுந்து வந்தான்.

“அறக்கட்டளைச் செயலாளரையும் வரச்சொல்லி இருக்கேன். வந்துக்கினு இருக்காரு.”

கமர் ஜஹான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அப்ப நான் அழுத்தித்தான் இருக்கேன்.”

“ஆமாக்கா. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கல. அதான்.”

அவள் அழுவாள், இல்லை ஏசுவாள் என்று மலர்விழி காத்திருந்தாள்.

“அந்தப் பொம்பள வூட்ல இத யாரு போய் சொல்றது?” என்றாள் கமர் ஜஹான்.

ஜீவா மனைவியைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள்.