எழுத்து வந்து சேரும்வரை

எல்சா 'க' என்று தட்டினால், ஒரு மூச்சு விட்ட பிறகுதான் திரையில் 'க' வந்தது. வரவில்லையே என்று மறுபடி தட்டினால் இரண்டாக வந்து நின்றது. அழிக்கப் போனால் அழிவதும் தாமதம். பதறி அழுத்தியதில் நல்ல வரியும் சேர்ந்து போனது.

ஒலிப்பதிவைக் கேட்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்ய, கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று ஆள் எடுத்தது. பத்தாவது முடித்தாயா என்று கேட்காத வேலை. பள்ளியைப் பாதியில் விட்டவளுக்கு இது போனால் தேயிலை ஃபேக்டரிதான். முதல் சோதனையில் தோற்றாயிற்று. இன்னொரு முறைதான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

குளிர் மலையூரான காந்தலில் தீப்பெட்டி முதல் கதவு வரை எது மக்கர் செய்தாலும் ஈரத்தின் மேல்தான் பழி. அம்மா ஜெஸிந்தாவும் அதையே சொல்லி, இரவல் லேப்டாப்பை அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்தாள். ஒரு மூலை நெளிந்ததுதான் மிச்சம்.

எல்சா லேப்டாப்பிலேயே இருந்த வேறொரு பக்கத்தைத் திறந்து தட்டிப் பார்த்தாள். எழுத்துகள் விரலோடு விழுந்தன. அப்படியானால் கோளாறு இங்கே இல்லை. நிறுவனத்தின் மென்பொருள் எங்கோ தொலைவில் ஓடுகிறது. அவள் தட்டுவது அங்கே போய், எழுத்தாகித் திரும்பி வர வேண்டும்; நிறுத்தாமல் தட்டினால் வழியில் தேங்கி, மொத்தமாகத்தான் போய்ச் சேரும். அதை அவளால் விரட்ட முடியாது. காது கேட்டதை விரல் தட்டட்டும், கண் குறுக்கே வர வேண்டாம் என்று முடிவுசெய்தாள். திரையின் மேல் சால்வையைப் போர்த்திவிட்டுச் சாயங்காலம் வரை பழகினாள்.

மறுநாள் சோதனையை அப்படியே தட்டி முடித்தாள். உடனே போன் வந்தது. நிறுவனத்திலிருந்து சோதனையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்சவேணி மேடம். வெகுநேரம் ஒன்றுமே வராமல், திடீரென்று முழு வரியாக வந்து விழுகிறதாம். எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியிருக்கிறாய் என்றார்.

புது ஆளிடம் பேசுவதென்றாலே எல்சாவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது தெரிந்து அம்மா போனுக்குக் கை நீட்டினாள். எல்சா தரவில்லை.

"ஒட்டலைங்க மேடம். லைன் லேட்டுங்க. நீங்களே ஏதாச்சும் சொல்லுங்க, தட்டறேன். பார்த்துட்டு அப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க."

அம்சவேணி சற்று யோசித்துவிட்டு, அன்று காலை பால்காரரோடு நடந்த சண்டையை மூச்சுவிடாமல் சொன்னார். எல்சா ஜன்னலைப் பார்த்தபடியே தட்டி முடித்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கேம்மா, ஒண்ணையும் காணோம்?"

"வருமுங்க. கொஞ்சம் இருங்க."

இருவரும் காத்திருந்தார்கள். பிறகு அம்சவேணி பால்காரர் சண்டையை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார்.

"நான் திட்டினதைக்கூட விடலியா?"

"நீங்க சொன்னீங்களே மேடம்."

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. "சரி கண்ணு. திங்கக்கிழமையிலிருந்து தட்டறதுக்குப் பதிவு அனுப்பறேன்."