மெஷின் கடைசியில் பேசட்டும்

கட்டிய கணவனைச் சோதனைக்கு உள்ளே அனுப்பக்கூடாது என்று விதி இருந்தது. ஆனால் வர வேண்டிய ஆள் டெங்குவில் படுத்துவிட்டார். கம்பெனியும் சின்னது. ஷார்ஜாவில் ஒன்பது வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பிய ஃபைசல் கோட்டக்குப்பம் வீட்டில் சும்மாதான் இருந்தான். மனைவி ஷமீமா கேட்டாள், அவன் சரி என்றான். அவள் கேட்டு அவன் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அதுதான் பின்னால் வினையாயிற்று.

மரக்காணம் உப்பளத்து ஓரமாகக் காலியாகக் கிடந்த ஒரு உப்புக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, உள்ளே விண்கலத்தின் அறை மாதிரி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ஃபைசலும், படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் அந்தோணிராஜும் ஆறு நாள் அதற்குள். ஷமீமா வெளியே தகரக் கொட்டகையில், கம்ப்யூட்டர் முன்னால். உள்ளே நடப்பதும் பேசுவதும் அவளுக்குப் பத்து நிமிஷம் கழித்துத்தான் வந்து சேரும்படி வைத்திருந்தார்கள். அவள் பதில் போய்ச் சேர இன்னொரு பத்து. செவ்வாய்க்குப் போகிறவர்கள் பாடு அப்படித்தான் இருக்கும். ஆபத்தில் பூமியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? அதனால், பழுது வந்தால் என்ன செய்யலாம் என்று கலத்துக்குள்ளேயே யோசனை சொல்லும் ஒரு திரையை நான்கு வருஷமாக அவள் வடிவமைத்துவந்தாள்.

அந்தத் திரை சில சமயம் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லும். எப்போது என்று சொல்லாது. உள்ளே இருப்பவர்கள் கண்டுபிடித்து மறுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள் என்றால் திரையே ஆபத்து என்று அர்த்தம். மூன்று வாய்ப்பு. மூன்றும் தவறினால் அவளுடைய திரை திட்டத்தில் இருக்காது.

இரண்டு போய்விட்டது. முதலாவது புதுசு என்று விட்டுவிடலாம். இரண்டாவதில் அறையில் கார்பன் டை ஆக்சைடு ஏறியது. ஃபில்டர் தீர்ந்துபோயிற்று, மாற்றுங்கள் என்றது திரை. மாற்றிவிட்டார்கள். ஓடாமல் நின்றதோ ஃபேன். ஏசி மெக்கானிக்குக்கு இதுகூடவா தெரியாது என்று ஷமீமா எழுதிக் கேட்டாள். இருபது நிமிஷம் கழித்துப் பதில் வந்தது.

"காத்து வரலன்னு கை வெச்சதுமே தெரிஞ்சுது. ஆனா நீ எழுதின மெஷின் ஆச்சே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

இதற்கு எப்படிக் கோபப்படுவது? அவள் எழுந்து வெளியே வந்தாள்.

வடக்கே மேகம் கறுத்திருந்தது. பாத்திகளில் உப்பு இன்னும் இறுகவில்லை. இப்போதே வாரினால் சேறு கலந்துவரும். விட்டுவைத்தால் மழை கரைத்துவிடும். மேஸ்திரி பக்கிரி வரப்பில் நின்று, வாரலாமா என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் வேலைக்கு வந்தவளிடம் முதலில், அப்புறம் அவளுக்கு முன்னால் வந்தவளிடம், இப்படியே. எல்லோரும் சொன்ன பிறகு தன் எண்ணத்தைச் சொன்னார். வாரத் தொடங்கினார்கள். தண்ணீர் குடிக்கக் கொட்டகைப் பக்கம் வந்த, உப்பு வாரும் அமராவதியிடம், மேஸ்திரிக்கே தெரியுமே, எதற்கு இத்தனை விசாரணை என்று ஷமீமா கேட்டாள்.

"அவரு மொதல்ல வாயத் தொறந்துட்டாருன்னா அப்புறம் யாருங்க பேசுவாங்க? நாங்க பாட்டுக்கு ஆமா போட்டுட்டுப் போயிடுவோம். அவருக்குந்தான் கண்ணு தப்பும்."

சொல்லிவிட்டு வாரும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள், மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமே.

ஷமீமா மேலதிகாரி தனக்கோடிக்குப் போன் செய்தாள். என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள், ஆனால் இதுதான் கடைசி என்றார் அவர். அன்று மத்தியானச் சாப்பாட்டை மறந்து மாற்றினாள். இனிமேல் பழுது வந்தால் திரை அளவுகளை மட்டும் காட்டும்; நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கும். இருவரும் தனித்தனியே எழுதிய பிறகுதான் தன் யோசனையைச் சொல்லும்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு மூன்றாவது. குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயில் அழுத்தம் குறைவதாகக் கேஜ் காட்டியது. அவள் பார்ப்பதெல்லாம் பத்து நிமிஷம் பழசு. உள்ளே ஏதோ ஒன்று ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. ஒழுகினாலும் ஒழுகலாம், நிச்சயமில்லை என்று அந்தோணிராஜ் எழுதியிருந்தான். அடுத்து ஃபைசல்.

"கொழாய முழுசா தடவிப் பாத்துட்டேன். ஒரு சொட்டு ஈரம் இல்ல. பம்ப் சத்தமும் மாறல. கேஜ்தான் பொய் சொல்லுது."

அப்புறம்தான் திரை பேசியது: தண்ணீர் ஒழுகுகிறது, குழாயை மூடவும். உங்கள் முடிவை மாற்றிக்கொள்கிறீர்களா என்றும் கேட்டது. ஷமீமா துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டாள்.

"டேய், உன் வீட்டம்மா மெஷினே மூடச் சொல்லுதுடா," என்றான் அந்தோணிராஜ்.

ஃபைசல் குழாயை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தான்.

"அவ இங்க இல்லயே, தொட்டுப் பாக்க. இருந்தா அவளும் இதத்தான் சொல்லுவா. மூட வேணாம்."

மூடவில்லை. கேஜ்தான் கெட்டிருந்தது; திரை சொன்னது வேண்டுமென்றே சொன்ன தப்பு. நீங்க சொன்னதுதாங்க சரி என்று ஷமீமா தட்டி அனுப்பினாள். போய்ச் சேரப் பத்து நிமிஷம் என்று திரை ஓரத்தில் எண் ஓடத் தொடங்கியது. இரண்டு நிமிஷம் போயிருக்கும், உள்ளிருந்து ஒரு வரி வந்தது. தன் முடிவைச் சொன்ன கையோடு அவன் எழுதியது.

"ஷமீமா, கோவமா?"

கிடங்கு நாற்பதடி தூரத்தில்தான் இருந்தது. போய்ச் சுவரைத் தட்டினால் கேட்கும். தட்டக்கூடாது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். இன்னும் எட்டு நிமிஷம் அந்த மனுஷன், அவள் கோபமாக இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருப்பான்.