பக்கத்து இடம்

நசீமா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே விரல் நுழையக்கூட இடமில்லை, மறுபடி மூடினாள். கையில் இன்னும் ஓர் அலுமினிய ட்ரே இருந்தது. யாரோ மூடியின் மேல் மார்க்கரால் 'நெய்ச்சோறு' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று ரிச்சர்ட்சன் ஊர் முழுக்க அடுப்பு எரிந்திருந்தது. காலையிலிருந்து காலிங் பெல் அடித்துக்கொண்டே இருக்கிறது. கதவைத் திறந்தால் ஒரு ட்ரே, அதன் பின்னால் ஒரு அழுத முகம்.

"குடு நசீமா, நான் பாத்துக்குறேன். நீ போய் உக்காரு" என்று தாஹிரா வாங்கிக்கொண்டாள்.

நேற்று சாயங்காலம் நசீமாவின் கணவர் இனாயத்துல்லாவின் உயிர் போனது இந்தத் தாஹிராவின் வீட்டில்தான்.

நேற்று சனிக்கிழமை. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து சனிக்கிழமை என்றால் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். வாசலில் சலாம் சொல்லிச் செருப்பைக் கழற்றியதும் ஆண்கள் முன்னறைக்கும் பெண்கள் கிச்சனை ஒட்டிய அறைக்கும் பிரிந்து போவார்கள். அதற்குப் பிறகு புருஷனைப் பார்ப்பது கிளம்பும்போது, கார் சாவியும் கையுமாகத்தான். இனாயத்துல்லா, சுஃபியான், ஜுஹைர், காஜா நான்கு பேரும் அமெரிக்கா வந்த புதிதில் ஒரே அபார்ட்மெண்டில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். நாலு பேரும் கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால் வீடே அதிரும்.

வீட்டில் இனாயத்துல்லா பேசவே மாட்டார். சாம்பாரில் உப்பு இருக்கா என்றால் 'ம்'. மகளுக்கு வரன் பார்க்கலாமா என்றாலும் 'ம்'. அதே மனிதர் முன்னறையில் மேனேஜர் மாதிரிப் பேசிக் காட்டுவார், ஊர் ஹஜ்ரத் மாதிரி இருமிக் காட்டுவார். தன் புருஷன் இவ்வளவு நன்றாகப் பேசுவார் என்பது நசீமாவுக்குச் சுவர் வழியாகத்தான் தெரியும். பெண்கள் தங்க விலையைப் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் ஒரு காதை அந்தச் சுவரில்தான் வைத்திருப்பாள். நேற்றும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ கதை, பெரிய சிரிப்பு, சிரிப்புக்கு நடுவில் கேரம் போர்டு சரியும் சத்தம். ஆம்புலன்ஸ் வந்தும் பலனில்லை.

இன்று மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா, இறுதித் தொழுகை. பள்ளிவாசலில் நண்பர்கள் மூவரும் சேர்ந்து மய்யத்தைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி முடித்துவிட்டார்கள். நசீமா பள்ளிக்குப் போய் முகம் பார்த்துவிட்டு வீடு திரும்பி, புருஷனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்கும் இத்தா இருக்க உட்கார்ந்துவிட வேண்டும், ஆண்கள் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போவார்கள் என்று பேச்சு. அதைச் சொல்லி அழைத்துப் போகத்தான் சுஃபியான் வந்தார். தாஹிராவின் கணவர். சட்டைக் கை இன்னும் ஈரமாக இருந்தது.

"பாபி, ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க" என்றார். "அவன் தனியா இருக்க மாட்டான். நாங்க நாலு பேரும் மையவாடில ஒரே லைன்ல இடம் ரிசர்வ் பண்ணியிருக்கோம். அவனுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஜுஹைர், அதுக்கடுத்து காஜா. இன்னைக்கோ நாளைக்கோ, எல்லாரும் போய்ச் சேந்துடுவோம்."

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

"அப்ப என் இடம்?" என்றாள் நசீமா.

"எந்த இடம் பாபி?"

"எனக்கும் சேத்து ரெண்டு எடுத்திருக்கேன்னு சொன்னாரு."

சுஃபியான் தாஹிராவைப் பார்த்தார். தாஹிரா ட்ரேயின் ஓரத்தை அழுத்தி மூட ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"நீங்க ஊருக்கே போயிடணும்னு சொன்னதா... பள்ளபட்டிலதான் அடக்கம் ஆகணும்னு உங்களுக்கு ஆசையாம். அப்படித்தான் பாபி அவன் சொன்னான்."

"நான் சொன்னேனா?"

"ஆபீஸ்ல ஜோடியா எடுக்குறவங்களுக்குன்னு வேற லைன் காட்டுனாங்க. இவன்தான், வேணாம்டா, பிரிஞ்சு போயிடுவோம், நாலு பேரும் ஒண்ணா எடுப்போம்னான்."

"தாஹிராவுக்கு எங்க?"

"அவளுக்கு... எனக்கு நேர் பின்னாடி லைன்ல. ஜுஹைர், காஜா வீட்லயும் அப்படித்தான் எடுத்தாங்க."

"அவருக்குப் பின்னாடி?"

சுஃபியான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது காலியாத்தான் இருந்துச்சு பாபி. அப்புறம் ஒரு ஹைதராபாத் ஃபேமிலி எடுத்துட்டாங்க."

பள்ளியில் மையவாடி இடம் விற்கிறார்கள் என்று அறிவிப்பு வந்த வாரம் நசீமாவுக்கு நன்றாக நினைவிருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள், நமக்கும் எடுத்துடுங்க என்று. ரெண்டு நாள் கழித்து எடுத்துவிட்டேன் என்றார். பக்கத்து பக்கத்துலதானே என்றாள். 'ம்' என்றார். அந்த ஒரு 'ம்'மை அவள் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாள்! போன வருஷம் பள்ளபட்டி வீட்டை விற்பதற்கு முன் அண்ணன் போன் பண்ணி, கடைசி காலத்தில் இங்கே வர்றதா இருந்தால் சொல்லு, விற்காமல் வைக்கிறேன் என்றான். "வேணாம்ணே, எனக்கு இங்க இடம் இருக்கு" என்று பெருமையாகச் சொன்னாள். இனாயத்துல்லா அப்போது அதே சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் திருப்பவில்லை.

நேற்றிலிருந்து அழுத அழுகையெல்லாம் விலாசம் தப்பி வேறு யாருக்கோ போய்விட்டது போல இருந்தது. ஆத்திரம் வந்தது. செத்துப்போன மனிதர் மேல் ஆத்திரப்படுவது பாவம் என்று தெரிந்தும் வந்தது.

"நீயாவது கேட்டிருக்கலாமே தாஹிரா" என்றாள். "வாராவாரம் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பேசுறோம். எத்தனை பேசியிருக்கோம். இத ஒரு வார்த்த கேட்கத் தோணலையா?"

"உனக்கு ஊருதான் பிடிக்கும்னாங்க. அத எப்படிக் கேட்குறதுன்னு..." என்றாள் தாஹிரா.

மகள் ஷஹீமா மாடியிலிருந்து தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டபடி இறங்கி வந்தாள்.

"நானும் மையவாடிக்கு வர்றேன்" என்றாள் நசீமா.

"இத்தா இருக்கணும் நசீமா. நம்ம ஊர்ல பொம்பளைங்க அங்கெல்லாம்..." என்றாள் தாஹிரா.

"நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ளதான் இருக்கப்போறேன். எங்க போகப்போறேன்? இன்னைக்கு அவர எங்க வெக்கிறாங்கன்னு பாத்துட்டு வந்து உக்காருறேன்."

"மாம், ஆர் யூ ஷ்யூர்?" என்றாள் ஷஹீமா. "இட்ஸ் ரியலி ஹாட் அவுட் தேர்."

"கார எடு."

பள்ளியில் முகம் பார்த்தாள். அத்தர் வாசனை வந்தது. வாய் லேசாகத் திறந்து, அந்தக் கதையின் மிச்சத்தைச் சொல்லப்போவது போல இருந்தார். மற்றவர்கள் அவள் உடைந்து அழுவாள் என்று கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார்கள். அவள் அழவில்லை. கேட்பதற்கு ஒன்று இருந்தது, பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

மையவாடி ஃப்ரீவேயைத் தாண்டி வெகுதூரத்தில், கண்ணுக்கெட்டியவரை காய்ந்த புல் தரையாக இருந்தது. கார்கள் நிற்கும் இடத்தை ஒட்டி ஒற்றை ஓக் மரம். பெண்கள் யாரும் சொல்லாமலே அதன் நிழலில் ஒதுங்கி நின்றார்கள். ஆண்கள் கபர்க் குழியைச் சுற்றி நின்றார்கள். நடுவில் சுவர் ஒன்றுதான் இல்லை, மற்றபடி சனிக்கிழமைதான். மண் விழும் சத்தம் கேட்டது. பிறகு துஆ ஓதினார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கலைந்து கார்களுக்கு வந்தார்கள். மூன்று பேர் மட்டும் அங்கேயே நின்றார்கள். சுஃபியான் ஏதோ சொன்னார், காஜா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு மரத்தடி வரை வந்தது.

நசீமா நடந்தாள். ஷஹீமா தண்ணீர் பாட்டிலோடு பின்னால் ஓடி வந்தாள். மூன்று பேரும் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள்.

புது மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. இரண்டு பக்கமும் புல்லில் சின்னச் சின்ன நம்பர் கட்டைகள் அடித்திருந்தன. மூன்று கைப்பிடி மண் அள்ளிப் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கிப்லா எந்தப் பக்கம் பாய்?"

சுஃபியான் கையைக் காட்டினார். தொழும் திசையான கிப்லா பக்கம் முகத்தைத் திருப்பித்தான் வைத்திருப்பார்கள். அப்படியென்றால் இனி அந்த முகம் ஜுஹைரின் இடத்தைப் பார்த்தபடியேதான் இருக்கும்.

நசீமா சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். நம்பர் கட்டையைத் தாண்டி, காய்ந்த புல்லில், கபரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"அம்மா" என்றாள் ஷஹீமா. அவள் தமிழில் கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது.

ஜுஹைர் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார். "பாபி, வெயில் தாங்காது. எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்."

"உங்க இடம்தானே ஜுஹைர் பாய்? கொஞ்ச நேரம் உக்காந்துக்குறேன்" என்றாள். "நீங்க மூணு பேரும் அந்த மரத்தடியில போய் நில்லுங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மரத்தை நோக்கி நடந்தார்கள். அங்கே பெண்கள் சற்று நகர்ந்து அவர்களுக்கு இடம் விட்டார்கள்.

நசீமா செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்தாள்.