வெறும் கேனைச் சாய்ப்பவர்கள்

எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் வெறும் கேனைச் சாய்த்தாலும் பால் விழும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுத் திருதிருவென்று விழிப்பார்கள். ஊருக்குள் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மாடு வற்றிப்போனவரும் காலையில் வரிசையில் நின்று, முறை வந்ததும் கேனை ஒருதரம் சாய்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது சங்கம் தொடங்கிய நாளிலிருந்தே வழக்கம். வராமல் இருந்தால் மறந்துவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம், வேறு தத்துவம் எதுவும் இல்லை. அப்படி ஒரு கோடையில், மாடு வற்றிப்போயிருந்த ஊர்த் தையல்காரி சாய்த்த வெறும் கேனிலிருந்து பால் நுரைத்துக்கொண்டு கொட்டியது. பயத்தில் கேனையே கீழே போட்டுவிட்டாள்.

அன்று மற்ற எல்லோருக்கும் வீட்டில் அளந்ததைவிட ஒரு டம்ளர் குறைந்திருந்தது. பழி நேராகப் பால் அளக்கும் அக்காவின் தலையில் விழுந்தது. அளவையை மாற்றினார்கள், தராசை மாற்றினார்கள், அக்காவின் கணவரைக்கூடச் சந்தேகப்பட்டார்கள். பாவம், அவர் பாலே குடிக்காத மனிதர். கடைசியில் தலைமை அலுவலகத்து ஆய்வாளர் வந்து தையல்காரியின் பாலைச் சோதித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது ஒரு மாட்டுப் பால் இல்லைங்க. ஊர்ல இருக்கிற எல்லா மாடும் இதுல இருக்கு" என்றார்.

லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு மாடு வளர்க்க வந்த லாரிக்காரருக்கு இதில் ஒரே வயிற்றெரிச்சல். "தவிடு என் வீட்டுது, கறக்கிறது மட்டும் ஊருக்கா?" என்று கத்திவிட்டு, கடைத்தெருவில் புதிதாகத் திறந்த தனியார் கம்பெனிக்குப் பால் ஊற்றப் போனார். அங்கே விலையும் கூடுதல், துளி குறையவும் இல்லை. இரண்டு வருடம் ராஜாவாகத் திரிந்தார். பிறகு பசுவுக்கு மடிநோய் வந்தது. பிழைத்துக்கொள்ளும், ஆனால் சில மாதம் கறக்காது என்றார் மருத்துவர். வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த ஒரு பசுவால்தான். மாட்டுத் தரகர் வாசலில் வந்து நின்றார். லாரிக்காரரின் மனைவி பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்று அழுதாள். லாரிக்காரர் வெறும் கேனைக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு ஈ பறந்து வந்தது.

மறுநாள் சங்கத்துக்கு வந்தார். அவமானத்தில் நிமிர்ந்தே பார்க்கவில்லை. தையல்காரி தனக்கு முன்னால் இடம் விட்டாள். விட்டுப்போனவருக்கும் விழுமா என்று தெரிந்துகொள்ள, ஊற்றி முடித்தவர்கள்கூட வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். சாய்த்தார். ஒன்றும் விழவில்லை.

"இன்னும் நல்லா சாய்ங்கண்ணே. கூச்சப்பட்டா எப்படி விழும்?" என்றாள் அக்கா.

நன்றாகச் சாய்த்தார். விழுந்தது. பின்னால் நின்றவர்கள் தங்கள் கேனைத் திறந்து பார்த்து, குறைந்திருந்ததைக் கண்டு மறுபடி மூடிக்கொண்டார்கள். "சீக்கிரம் நகருங்க மாமா, புள்ளைங்களுக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்றது ஒரு குரல். லாரிக்காரர் தேம்பித் தேம்பி அழுதார்.

பசு தேறியது. கம்பெனி மேலாளர் வீடு வீடாக வந்து, இன்னும் விலை ஏற்றித் தருவதாகச் சொன்னார். உட்காரவைத்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், போகத்தான் யாருமில்லை.

ஒருநாள் காலை லாரிக்காரர் பால் கேனைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போதே கையில் கேன் ஒரு டம்ளர் அளவு லேசானது. நின்று மனைவியைக் கூப்பிட்டார்.

"யார் வீட்டுல மாடு வத்திடுச்சு?"

"தெரியலையே."

"விசாரி. சாயங்காலம் ஒரு கட்டுப் புல்லு போட்டுட்டு வரலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.